தலைகீழ்ச் சண்டை



போன மாதச் சுவரிதழில் எட்டாம் வகுப்புத் தம்பிகள் கிரிக்கெட்டைப் பற்றி இரண்டு தாள் எழுதியிருந்தார்கள். விளையாட்டைப் பற்றி எழுதலாம் என்றால் நானும் எழுதுகிறேன் என்று தமிழ் டீச்சரிடம் கேட்டேன். "கபடியா, கோகோவா?" என்றார்கள். "போக்கிமான் டீச்சர்" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "படிக்கிறவங்களுக்குப் புரியிற மாதிரி எழுதுவியா?" என்றார்கள். புரிகிற மாதிரிதான் எழுதப் போகிறேன். கணக்கு கொஞ்சம் வரும், பயப்பட வேண்டாம். வாய்ப்பாட்டில் இரண்டு மட்டும் தெரிந்தால் போதும்.

தெரியாதவர்களுக்காக முதலில் நாலு வரி. போக்கிமான் என்றால் பாக்கெட் மான்ஸ்டர். சட்டைப் பையில் அடங்கும் பூதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் உடம்பும் சிவப்புக் கன்னமுமாக இருக்கிற பிக்காச்சுவைக் கார்ட்டூனில் பார்த்திருப்பீர்கள். ஆனால் கார்ட்டூனுக்கு முன்பே அது வீடியோ கேமாக வந்துவிட்டது. 1996 பிப்ரவரி 27ஆம் தேதி ஜப்பானில் வெளியானது. அதை உருவாக்கிய சதோஷி தஜிரி சின்ன வயதில் பூச்சி பிடித்துச் சேர்க்கிற பையனாம். நாம் பொன்வண்டு பிடித்துத் தீப்பெட்டியில் கொன்றை இலை போட்டு வளர்ப்போமே, அந்த மாதிரி. அந்தக் காலத்து கேம்பாய் கருவிகள் இரண்டை ஒரு ஒயரால் இணைக்கலாம். அந்த ஒயர் வழியாக ஒரு பூச்சி இந்தக் கருவியிலிருந்து அந்தக் கருவிக்கு ஊர்ந்து போவதாக அவர் கற்பனை பண்ணினாராம். ஆக, இரண்டு பேர் சேர்ந்து விளையாடத்தான் இந்த விளையாட்டே பிறந்தது. முதலில் 151 பூதங்கள் இருந்தன. இப்போது ஆயிரத்துக்கும் மேல்.

என்னுடன் விளையாடும் அந்த இரண்டாவது ஆள் என் அண்ணன். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர் வேலை பார்க்கிறார். (வீட்டில் நான் "நீ, வா, போ" என்றுதான் பேசுவேன். "அண்ணன் சொல்லுச்சு" என்று எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன், டீச்சர் சிவப்பு மையால் சுழித்துவிட்டார்கள். அதனால் இந்தத் தாளில் மட்டும் அண்ணன் "சொன்னார்", "வந்தார்".) அண்ணன் ஒரு முறை ஊருக்கு வந்தபோது பழைய 3டிஎஸ் கருவி இரண்டு வாங்கி வந்தார். மூடித் திறக்கிற டப்பா மாதிரி இருக்கும், மேலே ஒரு திரை, கீழே ஒரு திரை. ஒன்றில் போக்கிமான் எக்ஸ், இன்னொன்றில் போக்கிமான் ஒய். இரண்டும் 2013 அக்டோபர் 12ஆம் தேதி உலகம் முழுக்க ஒரே நாளில் வந்த கேம்கள். எக்ஸ் அவருக்கு, ஒய் எனக்கு. அவர் சிங்கப்பூர் திரும்பிய பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் அம்மாவின் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, கருவியை இணைத்து, நானும் அவரும் சண்டை போடுவோம். நமக்கு ராத்திரி ஏழரை என்றால் அங்கே பத்து மணி.

இப்போது சண்டையைச் சொல்கிறேன். ஒவ்வொரு பூதத்துக்கும் ஒரு வகை உண்டு. சிலவற்றுக்கு இரண்டு வகை. மொத்தம் 18: சாதா, நெருப்பு, நீர், புல், மின்சாரம், பனி, சண்டை, விஷம், மண், பறப்பது, மனசக்தி, பூச்சி, பாறை, பேய், டிராகன், இருட்டு, இரும்பு, தேவதை. நீர் நெருப்பை அடித்தால் அடி இரண்டு மடங்காக விழும். நெருப்பு நீரை அடித்தால் பாதிதான். சில அடி படவே படாது. மின்சாரத்தால் மண்ணை அடித்தால் பூஜ்ஜியம். அறிவியல் சார் எர்த் கனெக்‌ஷன் பற்றி நடத்தியபோது எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது இதனால்தான். சாதாவும் பேயும் ஒன்றை ஒன்று தொடவே முடியாது. 18 வகை 18 வகையை அடிப்பதால் மொத்தம் 324 கட்டம். அந்த 324 கட்டமும் அண்ணனுக்குத் தலைகீழ்ப் பாடம். பாலிடெக்னிக் படிக்கும்போதே பழகியவர், பத்து வருஷப் பழக்கம்.

அப்படிப்பட்டவரை நான் அடிக்கடி ஜெயித்தேன். மூன்று ஞாயிறுக்கு ஒரு ஞாயிறு நான்தான்.

முதலில் பெருமையாக இருந்தது. அப்புறம்தான் ஒரு சந்தேகம் வந்தது. ஒருநாள் என் பிக்காச்சு முன்னால் நிற்கிறது. உயிர் கொஞ்சம்தான் மிச்சம். அண்ணனின் சாரிசார்ட் ஒரு ஊது ஊதினால் முடிந்தது கதை. அவரோ சாரிசார்டை உள்ளே கூப்பிட்டுக்கொண்டு கியாரடோஸை இறக்கினார். கியாரடோஸ் நீர் வகையும் பறப்பதும் சேர்ந்தது. மின்சாரம் நீருக்கு இரண்டு மடங்கு, பறப்பதற்கும் இரண்டு மடங்கு, பெருக்கினால் நாலு மடங்கு. பிக்காச்சு முன்னால் கியாரடோஸை நிறுத்துவது, மழையில் நனைந்துகொண்டே ஈரக் கையால் சுவிட்சைத் தொடுவது மாதிரி. பத்து வருஷம் விளையாடியவர் அதைத் தெரியாமல் செய்வாரா? "ஐயையோ, தோத்துட்டேன் பாப்பா!" என்று போனில் சொன்னார். அந்த ஐயையோவில் கொஞ்சமும் வருத்தம் இல்லை.

விட்டுக்கொடுக்கிறார்! சின்னப் பிள்ளைகளுக்குப் பல்லாங்குழியில் பாட்டி காசு விடுவார்களே, அந்த மாதிரி.

தங்கை தம்பி இருக்கிற அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் இது பாசமாகத் தெரியும். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஜெயித்த பிறகு "இது நான் ஜெயிச்சதா, அவர் குடுத்ததா?" என்று தெரியாமல் படுக்கிறவளுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். கேட்டாலும் ஒத்துக்கொள்ள மாட்டார். "நீ நல்லா ஆடுற" என்பார். அண்ணன் விட்டுக்கொடுக்கவே முடியாத ஓர் ஆட்டம் வேண்டும் என்று தேட ஆரம்பித்தேன்.

அதற்குள் வேறு ஒன்று நடந்தது. 2024 ஏப்ரலில் 3டிஎஸ் கருவிகளுக்கான இணைய விளையாட்டை நிண்டெண்டோ கம்பெனி நிறுத்திவிட்டது. பழைய கருவி, அதனால் மூடிவிட்டார்கள். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் இப்போதும் இரண்டு கருவியும் ஒன்றோடு ஒன்று பேசும். சிங்கப்பூருக்கும் நம்ம ஊருக்கும் பேசாது. எனக்கு முழுப் பரீட்சை நேரம். அம்மா, "நல்லதாப் போச்சு, படி" என்றார்கள். ஆனால் இரண்டு ஞாயிறு கழித்து அம்மாவே "இன்னிக்கு அண்ணன்கூட விளையாடலையா?" என்று கேட்டார்கள். விளையாட்டு இல்லாவிட்டால் அண்ணன் போன் மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும். சாப்பிட்டியா, பணம் வந்துச்சா, வச்சிடவா. அவ்வளவுதான்.

அதனால் காகிதத்தில் விளையாடலாம் என்று நான் யோசனை சொன்னேன். எங்கள் காகித விதி இதுதான், வேண்டியவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஆளுக்கு மூன்று பூதம். ஒவ்வொன்றுக்கும் உயிர் 16 கட்டம். கணக்கு நோட்டின் கட்டத் தாளில் வரைந்து அடிபட அடிபட அடித்துக்கொள்ள வேண்டும். சாதாரண அடிக்கு 4 கட்டம் போகும். இரண்டு மடங்கு என்றால் 8, நாலு மடங்கு என்றால் 16, அதாவது ஒரே அடியில் அவுட். பாதி என்றால் 2, கால் என்றால் 1. வேகமான பூதம் முதலில் அடிக்கும். வேகத்தின் அளவு கேமிலேயே இருக்கிறது, பார்த்து எழுதிவைத்திருக்கிறோம்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ரகசியமாக முடிவு பண்ண வேண்டுமே, போனில் எப்படி? அதற்குத்தான் அம்மா நடுவர். நான் என் அடியைத் துண்டுச் சீட்டில் எழுதி அம்மா மடியில் வைப்பேன். அண்ணன் போனில் அம்மா காதுக்குள் சொல்வார். பிறகு அம்மா இரண்டையும் அறிவிப்பார்கள். அம்மா வாயில் பெயர் நுழையாது. சாரிசார்ட் "சாரு", ஸ்நோர்லாக்ஸ் "தூங்குமூஞ்சி", ஏஜிஸ்லாஷ் "அந்தக் கத்தி". ஏஜிஸ்லாஷ் உண்மையிலேயே கத்திதான். இரும்பும் பேயும் சேர்ந்தது, கேடயம் பிடித்துக்கொண்டு மிதக்கும்.

இப்போதுதான் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எக்ஸ், ஒய் இரண்டு கேமிலும் 18ஆம் வழித்தடத்தில் ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டில் இருக்கும் இன்வர் என்பவருடன் ஒரு நாளைக்கு ஒரு முறை சண்டை போடலாம். ஜெயித்தால் பழம் தருவார். அங்கே எல்லாமே தலைகீழ். இரண்டு மடங்கு விழும் அடி பாதியாகிவிடும். பாதி விழும் அடி இரண்டு மடங்காகும். படவே படாத அடியும் இரண்டு மடங்காகும்! மாறாதது ஒன்றே ஒன்றுதான்: சாதாரணமாக விழும் அடி சாதாரணமாகவே விழும்.

கருவியில் இந்தத் தலைகீழ்ச் சண்டையை இன்வருடன்தான் போடலாம். நானும் அண்ணனும் எங்களுக்குள் போட வழி கிடையாது. பட்டியலில் அந்த வசதியே இல்லை. ஆனால் காகிதத்தில் யார் தடுப்பார்கள்? இணையம் மூடியதால்தான் எங்களுக்கு இது கிடைத்தது.

நான் ஒரு மாதம் தினமும் இன்வர் வீட்டுக்குப் போய்ப் பழகினேன். ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் 324 கட்டத்தையும் தலைகீழாக எழுதினேன். எழுதும்போதுதான் ஆச்சரியம் ஒவ்வொன்றாக வந்தது. வழக்கமான ஆட்டத்தில் பனி வகைதான் பாவப்பட்டது. நெருப்பு, சண்டை, பாறை, இரும்பு நாலும் அதை இரண்டு மடங்கு அடிக்கும், பனி தாங்குவதோ பனியை மட்டும்தான். தலைகீழில் பார்த்தால் அந்த நாலையும் பனி பாதியாகத் தாங்குகிறது, பனிக்கு எதிரி பனி மட்டும்தான். இரும்பு வகை எல்லாருக்கும் பிடித்த கோட்டை. பத்து வகை அடியைப் பாதியாக்கும், விஷம் படவே படாது. தலைகீழில் அந்தப் பதினொன்றும் இரும்பின் மேல் இரண்டு மடங்காக விழும். தகர டப்பா! பூச்சியாலும் புல்லாலும் அடிப்பதை யாரும் பெரிதாக மதிக்க மாட்டார்கள். ஏனென்றால் இரண்டையுமே ஏழேழு வகை பாதியாகத் தாங்கும். தலைகீழில் ஏழேழு வகை அவற்றுக்குப் பயப்படும். சாதா அடி இருக்கிறதே, அது வழக்கத்தில் யாருக்கும் இரண்டு மடங்கு விழாது. தலைகீழில் பாறை, இரும்பு, பேய் மூன்றுக்கும் இரண்டு மடங்கு. அதைத் தாங்குகிற வகை ஒன்றுகூட இல்லை.

ஒரு ஞாயிறு, "அண்ணே, இன்னிக்குத் தலைகீழ் ஆடலாமா?" என்றேன். "எதுவா இருந்தா என்ன, வா" என்றார்.

அவர் அணி சாரிசார்ட், கியாரடோஸ், ஏஜிஸ்லாஷ். என் அணி வீனஸார், ஸ்நோர்லாக்ஸ், அவலக். அவலக் என்பது பனிப்பாறையையே முதுகாக வைத்திருக்கும் பூதம். முதலில் அண்ணன் சாரிசார்டை விட்டார். நான் வீனஸாரை விட்டேன். இங்கே ஒரு கதை இருக்கிறது. கேம் ஆரம்பத்தில் பேராசிரியர் மூன்று குட்டிகளைக் காட்டி ஒன்று எடுத்துக்கொள் என்பார். நான் புல் குட்டியை எடுத்தேன், அண்ணன் நெருப்புக் குட்டியை எடுத்தார். அது வளர்ந்து சாரிசார்ட் ஆனது, என்னுடையது வீனஸார் ஆனது. வழக்கமான ஆட்டத்தில் சாரிசார்ட் முன்னால் என் வீனஸார் ஒரு தடவை கூட நின்றதில்லை. காய்ந்த வைக்கோல்தான்.

தலைகீழில் நெருப்பு புல்லைப் பாதிதான் சுடும் என்று அண்ணனுக்குத் தெரியும். அதனால் கெட்டிக்காரத்தனமாக நெருப்பை விட்டுவிட்டு டிராகன் நகத்தால் கீறச் சொன்னார். சாதாரண அடி, எனக்கு 4 கட்டம் போனது. அடுத்து என் முறை. அம்மா சீட்டைப் பிரித்து, "பாப்பா இலையை வீசுது" என்றார்கள். புல் நெருப்பை அடித்தால் வழக்கத்தில் பாதி, தலைகீழில் இரண்டு மடங்கு. புல் பறப்பதை அடித்தாலும் வழக்கத்தில் பாதி, தலைகீழில் இரண்டு மடங்கு. சாரிசார்ட் நெருப்பும் பறப்பதும் சேர்ந்தது. இரண்டிரண்டு நாலு. நாலு நாலு பதினாறு.

போனில் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதா என்று அம்மா பார்த்தார்கள். பிறகு அண்ணன் மெதுவாக, "இலையாலயா?" என்றார்.

அடுத்து கியாரடோஸ். வேகம் 81, என் வீனஸாருக்கு 80. ஒரே ஒரு புள்ளியில் அவர் முந்திக்கொண்டார். தலைகீழில் நீர் புல்லை இரண்டு மடங்கு அடிக்கும், அதை இப்போது சரியாகப் பிடித்துவிட்டார். முதல் சுற்றில் எனக்கு 8, அவருக்கு 4. இரண்டாவது சுற்றில் அவர் முந்தி அடித்ததில் வீனஸார் படுத்துவிட்டது. நான் தூங்குமூஞ்சியை இறக்கினேன். ஸ்நோர்லாக்ஸுக்கும் கியாரடோஸுக்கும் ஏற்றத்தாழ்வு எதுவும் கிடையாது, மாறி மாறி நாலு நாலு. அது மூன்று சுற்று ஓடியது. கியாரடோஸ் விழுந்தபோது என் ஸ்நோர்லாக்ஸுக்கு நாலே கட்டம்தான் மிச்சம்.

கடைசியில் அந்தக் கத்தி வந்தது. இதில்தான் எனக்கு நெஞ்சு படபடத்தது. ஏஜிஸ்லாஷ் ஸ்நோர்லாக்ஸைவிட வேகம். அது பேய் அடி அடித்திருந்தால் தலைகீழில் சாதாவுக்கு 8 போகும், ஸ்நோர்லாக்ஸ் காலி. ஆனால் அண்ணன் அம்மா காதில் சொன்னது சண்டை வகை அடி. ஏனென்று நினைக்கிறீர்கள்? சாதா வகையைக் கண்டால் சண்டை அடி என்று பத்து வருஷமாகக் கை பழகியிருக்கிறது. பேய் அடி சாதாவைத் தொடாது என்பதும் பத்து வருஷப் பாடம். தலைகீழ் என்று தெரிந்தும் வாய் பழையதைச் சொல்லிவிட்டது. சண்டை அடி பாதியாகி 2 கட்டம்தான் போனது. மிச்சம் இரண்டு கட்டத்தோடு என் தூங்குமூஞ்சி எழுந்து கத்தியின் மேல் விழுந்தது. சாதா அடி. இரும்புக்கு இரண்டு, பேய்க்கு இரண்டு, பெருக்கினால் நாலு. பதினாறு கட்டமும் ஒரே அடியில் போயிற்று. என் அவலக் களத்துக்கே வரவில்லை.

அண்ணன் இந்த முறை "ஐயையோ தோத்துட்டேன் பாப்பா" என்று சொல்லவில்லை. "இரு இரு... இரு. இன்னொரு ஆட்டம்" என்றார். அங்கே மணி பதினொன்று ஆகப் போகிறது, காலையில் ஏழு மணிக்கு வேலை. அம்மா, "படுய்யா, நாளைக்கு ஆடிக்கலாம்" என்றார்கள். "இல்லம்மா, ஒரே ஒரு ஆட்டம்" என்றார். அவர் இதுவரை ஒருநாளும் என்னிடம் இன்னொரு ஆட்டம் கேட்டதில்லை!

இரண்டாவது ஆட்டத்தில் பனி வகை இரண்டைக் கொண்டுவந்து, நன்றாக யோசித்து யோசித்து ஆடி, மூன்றுக்குப் பூஜ்ஜியம் என்று என்னைச் சுருட்டிவிட்டார். கொஞ்சமும் இரக்கம் காட்டவில்லை. எனக்கு அன்றைக்கு ரொம்ப சந்தோஷம். அம்மாதான், "தோத்ததுக்கு ஏண்டி இப்படிச் சிரிக்கிற?" என்று கேட்டார்கள்.

அதிலிருந்து நாங்கள் வழக்கமான ஒற்றைக்கு ஒற்றை ஆட்டத்தை விட்டுவிட்டோம். வித்தியாசமான முறைகளாகத் தேடித் தேடி ஆடுகிறோம்.

இருவர் இருவராக ஆடும் முறை 2002இல் ஜப்பானில் வந்த ரூபி, சஃபையர் கேம்களிலேயே வந்துவிட்டது. உலகப் போட்டியும் அந்த முறையில்தான் நடக்கிறது. இதில் சூது என்னவென்றால் பக்கத்தில் நிற்கும் துணை. பூகம்ப அடி கொடுத்தால் எதிரி இரண்டு பேர் மேலும் விழும், ஆனால் ஆளுக்கு முக்கால் பங்குதான். நம்ம துணையையும் சேர்த்து அடித்துவிடும். அதனால் துணைக்குப் பறப்பதை நிறுத்த வேண்டும், மண் அடி அதற்குப் படாது. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் வாஷிங்டனில் நடந்த உலகப் போட்டியைப் பற்றி அண்ணன் சொன்னார். தென் கொரியாவின் சே ஜுன் பார்க் என்பவர் பச்சிரிசு என்ற அணிலை அணியில் சேர்த்திருந்தார். உயரம் 40 சென்டிமீட்டர், எடை நாலு கிலோ கூட இல்லை. உலகப் போட்டிக்கு யாரும் அதைக் கூட்டிப் போக மாட்டார்கள். கார்ச்சாம்ப், கியாரடோஸ் மாதிரி பெரிய மிருகங்கள் பக்கத்தில் நின்று அந்த அணில் என்ன செய்தது தெரியுமா? "என்னைப் பார்" என்று கையாட்டியது. அந்த வித்தைக்கு ஃபாலோ மீ என்று பெயர். எதிரிகள் துணையைக் குறிபார்த்து விட்ட அடியெல்லாம் அணில் மேல் திரும்பிவிடும். மின்சார அடி வந்தால் அணிலுக்கு இன்னும் நல்லது, அதைக் குடித்து உயிரை ஏற்றிக்கொள்ளும். மின்சாரத்துக்குப் பயப்படுகிற கியாரடோஸ் அந்த அணியில் இருந்தது என்பதைக் கவனியுங்கள். அந்த வருஷம் சே ஜுன் பார்க்தான் உலக சாம்பியன். இதைக் கேட்டதிலிருந்து அம்மா அணிலின் கட்சி. ஆனால் இந்த முறையில் ஒரு சுற்றுக்கு நாலு கட்டளையை நினைவில் வைக்க வேண்டியிருப்பதால், "எனக்கு அடுப்புல வேலை இருக்கு" என்று நடுவர் எழுந்து போய்விடுகிறார்.

மூவர் மூவராக ஆடுவதும் உண்டு, 2010இல் வந்த பிளாக், ஒயிட் கேம்களில் தொடங்கியது. அது கொஞ்சம் ஆடுபுலி ஆட்டம் மாதிரி. நடுவில் நிற்பவர் எல்லாரையும் அடிக்கலாம், எல்லாரிடமும் அடி வாங்கலாம். ஓரத்தில் நிற்பவருக்கு எதிர்மூலை எட்டாது. பறக்கும் வகை அடி மாதிரி சிலதுதான் அங்கே போய்ச் சேரும். அடி தாங்கும் பூதத்தை நடுவிலும் மென்மையானதை மூலையிலும் நிறுத்துவேன். ஆகாயச் சண்டை என்றும் ஒன்று எக்ஸ், ஒய் கேம்களில் இருக்கிறது, பறக்கிறதும் மிதக்கிறதும் மட்டும் ஆடலாம். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

எனக்கு இப்போது ரொம்பப் பிடித்தது சுழல் சண்டை. இதுவும் பிளாக், ஒயிட் கேம்களில் வந்ததுதான். 2016இல் வந்த சன், மூன் கேம்களில் மூவர் ஆட்டத்தையும் இதையும் எடுத்துவிட்டார்கள், ஏன்தானோ. நல்ல வேளை, எங்கள் எக்ஸ், ஒய்யில் இருக்கிறது. மூன்று பூதம் ராட்டினத்தில் நிற்கும். முன்னால் நிற்பது ஒன்றுதான் அடிக்கும், அடி வாங்கும். ஒவ்வொரு சுற்றிலும் ராட்டினத்தைச் சுற்றி எதை வேண்டுமானாலும் முன்னால் கொண்டுவந்து உடனே அடிக்கலாம். சுற்றுவதற்காக முறை போகாது. வீனஸார் முன்னால் நிற்கிறதென்று எதிரி நெருப்பை விட்டால், நான் சுற்றி என் கியாரடோஸைக் காட்டுவேன், நெருப்பு பாதியாகிவிடும். அதனால் ஒன்றின் எதிரியை இன்னொன்று தாங்குகிற மாதிரி மூன்றைச் சேர்க்க வேண்டும். நான் சுற்றுவேன் என்று அண்ணன் நினைப்பார். அவர் அப்படி நினைப்பார் என்று நான் சுற்றாமல் நிற்பேன். நான் நிற்பேன் என்று... இப்படியே போகும். இங்கே பத்து வருஷப் பழக்கம் பாதிதான் உதவும். மீதிப் பாதி, அண்ணன் எப்படிப்பட்டவர் என்று தெரிந்திருப்பது. அது எனக்குப் பதினாலு வருஷப் பழக்கம்!

இதில் ஒரு சிக்கல். அண்ணன் காதில் சொல்லும்போது அம்மாவின் முகத்தைப் பார்த்தாலே என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிடும். மகன் அடி வாங்கப் போகிறான் என்றால் அம்மா உதட்டைக் கடிப்பார்கள். அதனால் சுழல் சண்டையில் நடுவர் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும் என்று நானே விதி போட்டுவிட்டேன். ஜெயித்தால் சுத்தமாக ஜெயிக்க வேண்டும்.

கேமுக்குள் கிலூட் நகரத்தில் பேட்டில் மெய்சன் என்ற மாளிகை இருக்கிறது. நாலு சகோதரிகள், ஒற்றை, இருவர், மூவர், சுழல் என்று ஆளுக்கு ஒரு முறைக்கு ராணி. தொடர்ந்து 19 ஆட்டம் ஜெயித்தால் 20ஆவது ஆட்டத்துக்கு ராணியே வருவார். சுழல் ராணியை நான் ஜெயித்துவிட்டேன். மூவர் ராணியிடம் இன்னும் போய்ச் சேரவில்லை, 14ஆவது ஆட்டத்தில் நிற்கிறேன்.

சுழலில் அண்ணனுக்கும் எனக்கும் இப்போது 4க்கு 4. பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது எக்ஸையும் எடுத்து வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். திண்ணையில் எதிரெதிரே உட்கார்ந்து கருவியிலேயே ஒன்பதாவது ஆட்டம். அதற்கு அம்மா நடுவராக வேண்டாம், வேடிக்கை பார்த்தால் போதும்.

அதுவரை எனக்குப் பயிற்சிக்கு ஆள் வேண்டும். கருவி தேவையில்லை, கட்டத் தாளும் பென்சிலும் போதும். 324 கட்டத்தையும் நேராக ஒன்று, தலைகீழாக ஒன்று என்று இரண்டு அட்டையில் எழுதி இந்தத் தாளுக்கு வலது பக்கம் ஒட்டியிருக்கிறேன். தயவுசெய்து யாரும் கிழிக்காதீர்கள், எழுத நாலு நாள் ஆனது. வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டு மணிக்கு வேப்பமரத்தடிக்கு வாருங்கள். ஆறாம் வகுப்புத் தம்பி தங்கைகளும் வரலாம், யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளாத ஒருவர் நடுவராகக் கிடைத்தால் நல்லது. கணக்கு சாரைக் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி